கைக்குட்டை போட்ட இடம்

அலாரம் அடிப்பதற்கு முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. அடித்தால் குழந்தை எழுந்துவிடும் என்பதால் முன்கூட்டியே அணைத்துவிடுகிறேன். பிறகு எதற்கு வைக்கிறேன் என்று தெரியவில்லை. தினமும் வைக்கிறேன்.

பல் தேய்க்கிறேன். பச்சைத் தண்ணீரில் குளிக்கிறேன். இருட்டிலேயே சட்டையை மாட்டுகிறேன். பட்டன் மாறியிருந்தால் ரயிலில் சரிசெய்துகொள்ளலாம். நின்றபடியே ஒரு கோப்பை காபி, இரண்டு துண்டு ரொட்டி. கோப்பையைக் கழுவிக் கவிழ்க்கிறேன். பக்கத்தில் இன்னொரு கோப்பை ஏழு மாதமாகக் கவிழ்ந்தே இருக்கிறது. யாரும் அதை எடுத்து வைக்கவில்லை. தூசு படியாமல் அத்தை மட்டும் அவ்வப்போது துடைக்கிறார்.

பிறகு கடுகைப் பார்க்கிறேன். மகளின் உண்மையான பெயர் வேறு. பிறந்தபோது அத்தனை சின்னதாக இருந்தாள், அது ஒட்டிக்கொண்டது. அடுத்த மாதம் பெரிய பள்ளிக்கூடத்தில் சேரப் போகிறாள். குப்புறப் படுத்திருப்பாள், ஒரு கால் கட்டிலுக்கு வெளியே தொங்கும். அந்தக் காலை எடுத்து உள்ளே வைக்கிறேன். நான் வேலை முடிந்து திரும்பும்போதும் அவள் தூங்கிக்கொண்டிருப்பாள், அதே கால் வெளியே இருக்கும். மறுபடி எடுத்து உள்ளே வைப்பேன். வார நாட்களில் எனக்கும் அவளுக்கும் இடையே நடப்பது இவ்வளவுதான்.

இன்று கூடத்துக்கு வந்தபோது விளக்கு எரிந்தது. அத்தை மேஜையருகே உட்கார்ந்திருந்தார். என் மனைவியின் அம்மா. மனைவி இறந்த வாரத்திலிருந்து எங்களோடுதான் இருக்கிறார்.

"காபி குடிச்சாச்சா மாப்பிள்ளை?"

"ஆச்சு அத்தை."

"இன்னிக்குத்தானே அந்த வீட்டுக்குப் பதில் சொல்லணும்?"

"ம்."

"ம்-னா சரின்னு அர்த்தமா, வேணாம்னு அர்த்தமா?"

"பார்க்கறேன் அத்தை."

"ஏழு மாசமா பார்த்துட்டுத்தான் இருக்கீங்க. எனக்குக் கண்ணு பூத்துப் போச்சு."

அந்த வீடு நகரத்துக்கு நடுவில், நான் வேலை செய்யும் இடத்துக்கு நடை தூரத்தில் இருக்கிறது. நானும் மனைவியும் சேர்ந்து ஒரு முறை போய்ப் பார்த்தோம். முடிவு சொல்வதற்குள் அவள் போய்விட்டாள். வீடு வேறொருவருக்குப் போனது. இப்போது மறுபடி காலி. இன்று மாலை வரை நிறுத்தி வைப்பதாக ஓனரம்மா சொல்லியிருக்கிறார். ஒற்றைப் படுக்கையறைக்கு அவர் கேட்கும் வாடகை, இரண்டு அறையும் மொட்டைமாடியும் உள்ள இந்தச் சொந்த வீட்டுக்கு நாங்கள் கட்டும் தவணையைவிட அதிகம். ரயில் பாதையின் கோடிக்குச் சற்று முன்னால் இருக்கிற இந்த ஊரில்தான் எங்களால் வீடு வாங்க முடிந்தது. அதற்கு விலையாக நாளின் பெரும்பகுதியை ரயிலுக்குக் கொடுத்துவிட்டோம்.

நான் ஷூவை எடுத்தேன். அத்தை விடவில்லை.

"நேத்து நர்சரி டீச்சர் என்னைக் கூப்பிட்டு ஒண்ணு கேட்டாங்க. உங்க மருமகனுக்கு ரயில்வேல வேலையான்னு."

"பல் லேப்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். ஏன் கேட்டாங்கன்னா, உங்க வீட்டை வரைங்கன்னு பிள்ளைங்ககிட்ட சொன்னாங்களாம். இவ ஒரு வீடு வரைஞ்சு அதுக்குள்ள என்னையும் அவளையும் போட்டிருக்கா. பக்கத்துல ஒரு ரயில். அதுல உங்களை. இது எங்க அப்பா வீடுன்னாளாம்."

ஷூ லேஸை இறுக்கினேன்.

"ரயில்ல உங்க பக்கத்துல இன்னொரு ஆளும் இருக்கு. இது யாருன்னா, அம்மான்னு சொல்லியிருக்கா. அம்மாவும் அப்பாவும் ரயில்ல இருக்காங்களாம். ஞாயித்துக்கிழமை அப்பா மட்டும் இறங்கி வருவாராம்."

லேஸ் ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது. அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

"மிரட்டறேன்னு நினைச்சுக்காதீங்க மாப்பிள்ளை. பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள நீங்க அங்க போகலைன்னா, நான் அவளை எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். அங்கயே சேர்த்துடறேன். நீங்க லீவுக்கு வந்து பாருங்க. இப்ப மட்டும் என்ன, விளக்கணைச்சப்புறம்தானே பார்க்கறீங்க?"

நான் எழுந்தேன்.

"என் பொண்ணோட கடைசி ஆசையும் அதுதான். 'அந்த வீட்டுக்குப் போயிடணும்மா'ன்னு சொல்லிட்டுத்தான் போனா."

எத்தனையோ கடைசி ஆசைகளைக் கேட்டுவிட்டேன். அவள் அக்காவிடம் குழந்தையை நன்றாகப் படிக்க வைக்கச் சொன்னாளாம். என் அண்ணனிடம் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாளாம். உயிரோடு இருக்கும்போது காலை வேளையில் அவளிடமிருந்து நாலு வார்த்தை வாங்குவதே பெரும்பாடு. என்னிடம் அவள் கடைசியாகச் சொன்னது வேறு. அதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"வர்றேன் அத்தை" என்றேன்.

ரயில் நின்றபோது வழக்கமான பெட்டி என் எதிரில் வந்து நின்றது. அதில் எங்கள் கோஷ்டி இருக்கிறது. தலைவர் பெயர் கண்டக்டர். வங்கிக் காசாளர் அவர். இடம் பங்கிடுவதால் அந்தப் பெயர். வண்டி புறப்படும் ஊர்க்காரர் என்பதால் காலையில் முதலில் ஏறுகிறார். மாலையிலும் அப்படித்தான், அவருடைய வங்கி ரயில் கிளம்பும் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. ஏறியதும் பையிலிருந்து கைக்குட்டைகளை எடுத்து இருக்கைகளில் விரித்துவிடுவார். ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். என்னுடையது நீலம். நர்ஸக்காவுடையது வெள்ளை. ஜன்னலோரம் விரித்திருக்கும் மஞ்சள் என் மனைவியுடையது.

எல்லாம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், நீலத்தின் பக்கத்தில் மஞ்சளும் இருந்தது. நான் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து தினமும், காலையும் மாலையும், அது இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் ஒரு காலி இடம் என்றால் நடுரோட்டில் கட்டில் போட்ட மாதிரி. எல்லோருடைய கண்ணும் அதன் மேல்தான். யாராவது கேட்டால் நர்ஸக்கா, "ஆள் வருது" என்பார். இரண்டாம் முறை கேட்க யாருக்கும் தைரியம் வராது. ஊசி போடுகிறவர் குரல் அது.

நாங்கள் குடித்தனம் நடத்தியது அந்த இரண்டு இருக்கைகளில்தான். வீட்டில் தூங்கினோம், அவ்வளவே. சண்டையெல்லாம் ரயிலில்தான், பக்கத்தில் ஆள் இருப்பதால் கிசுகிசுத்த குரலில். கருவுற்றிருப்பதை அவள் சொன்னது இரண்டு நிலையங்களுக்கு நடுவே. ஒட்டுக்கேட்ட கண்டக்டர் அடுத்த நிலையத்தில் இறங்கி ஓடிப் போய் மிட்டாய் வாங்கி வந்தார். வண்டியைத் தவறவிட இருந்தார்.

"இன்னிக்குத்தானே தம்பி அந்த வீட்டுக்குப் பதில் சொல்லணும்?" என்றார் இன்று, பத்திரிகையை மடித்தபடி.

"உங்களுக்கு யார் சொன்னாங்க சார்?"

"நீதான் சொன்னே. சொன்னதும் மறந்துபோச்சா?"

"போயிடு தம்பி," என்றார் நர்ஸக்கா. "இந்த ரயில்ல என்ன கொட்டியா கிடக்கு? என் இடுப்பைக் கேளு, கதை கதையா சொல்லும்."

"போய்?" என்றார் கண்டக்டர். "கோழிக்கூண்டுல அடையறதா? அங்க ஜன்னலைத் திறந்தா எதிர்வீட்டுக்காரன் வாயைத் திறப்பான். இங்க சொந்த வீடு. மாடில நின்னா காத்து. ஏதோ போக வர நேரமாகுது, அவ்வளவுதானே? அந்த நேரமும் வீணா? நான் பத்திரிகையை ஒரு எழுத்து விடாம படிக்கறேன்னா இந்த ரயிலாலதான்."

"ஆமாமா. உங்க பொண்ணு வயசுக்கு வந்ததைக்கூடப் பத்திரிகையில பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டிருப்பீங்க."

பெட்டியில் நாலு பேர் சிரித்தார்கள். கண்டக்டரும் சிரித்தார். பிறகு பத்திரிகையைப் பிரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் பக்கம் திருப்பவில்லை.

கம்பியைப் பிடித்தபடி செக்யூரிட்டி சீருடையில் ஒரு பெண் நின்றிருந்தாள். புதிது. ஏதோ பெரிய கடையின் வாசலில் நாள் முழுக்க நிற்கிற வேலையாக இருக்கும். ஷூவிலிருந்து குதிகாலை வெளியே எடுத்து, ஷூவின் மேலேயே வைத்திருந்தாள்.

"இங்க ஆள் இருக்காங்களா?" என்று மஞ்சளைக் காட்டினாள்.

"ஆள் வருது" என்றார் நர்ஸக்கா.

அவள் குதிகாலை மறுபடி ஷூவுக்குள் திணித்துக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

லேபில் எனக்கு இன்று ஒரே ஒரு முன்பல். பல் டாக்டர் அனுப்பும் அச்சை வைத்து நாங்கள் பல் செய்கிறோம். முன்பல் செய்யும்போது நிறம்தான் பாடாய்ப் படுத்தும். அதை ட்யூப்லைட்டில் பார்க்கக் கூடாது. ஜன்னலருகே கொண்டுபோய், பகல் வெளிச்சத்தில், நிறமாதிரிப் பற்களோடு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதிக நேரம் உற்றுப் பார்த்தால் கண் ஏமாந்துவிடும், எல்லாம் ஒரே நிறமாகத் தெரியும்.

"ஊருக்கெல்லாம் பல்லு பண்றான், இவன் பல்லைப் பார்க்க முடியலை" என்று அவள் ரயிலில் எல்லோரிடமும் சொல்வாள். அப்போது நான் சிரித்துவிடுவேன். அதற்காகத்தான் சொல்வாள்.

பல்லைச் சூளைக்குள் வைத்துவிட்டு முதலாளியிடம் சாப்பிட்டு வருவதாகச் சொன்னேன். சாப்பிடவில்லை. வீட்டைப் பார்க்கப் போனேன்.

பத்து நிமிட நடை. சட்டை கசங்கவில்லை. ஓனரம்மா கீழ் வீட்டில் இருக்கிறார். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நேரில் பேசினாலும் இணைப்பைத் துண்டிக்கிற அவசரம் அவரிடம் இருக்கும்.

"வந்தீங்களா? சாவி. மேல. பார்த்துட்டு வாங்க. மூணு பேர் வரிசையில நிக்கறாங்க."

மேலே போனேன். ஒரு கூடம், ஒரு அறை. சமையலறையில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் திரும்ப முடியாது. ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் இரும்புப் படிக்கட்டு. ஒரு நாற்காலியைப் போட்டால் கூடம் பாதி நிறைந்துவிடும். எங்கள் வீட்டு அலமாரி இந்தக் கதவு வழியாக நுழையாது. அதில் அவள் துணிகள் இருக்கின்றன.

எங்கோ பள்ளிக்கூட மணி அடித்தது. வெகு பக்கத்தில். பிள்ளைகளின் சத்தம் ஒரேயடியாகக் கிளம்பி ஜன்னல் வழியாக வந்தது. பகல் சாப்பாட்டு வேளை. இங்கே இருந்தால் இந்நேரம் நான் வீட்டுக்கு வந்து போகலாம். கடுகு விழித்திருக்கும்போது.

இறங்கி வந்து சாவியைக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை.

"கையிலயே இருக்கட்டும். சாயங்காலம் வேணாம்னு சொன்னீங்கன்னா நாளைக்குக் கொண்டாந்து குடுங்க." பிறகு குரல் சற்று இறங்கியது. "உங்க வீட்டுக்காரி அன்னிக்கு வர்றதா இருந்தாங்க. தெரியும்தானே?"

"என்னைக்கு?"

"அதான், அன்னிக்கு. காலையில போன் பண்ணாங்க. சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் வர்றேன், பதிலை நேர்லயே சொல்லிடறேன்னாங்க. நான் காத்துட்டிருந்தேன். வரலைன்னதும் எனக்குக் கோபம். அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சுது."

அன்று மத்தியானம் அவள் அலுவலகத்தில் மயங்கி விழுந்தாள். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய். மருத்துவமனைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பேசுவதற்கு ஒன்றும் மீதி இருக்கவில்லை.

"என்ன பதில்னு சொன்னாளா?"

"சொல்லலை. போன்லயே சொல்லேன்மான்னேன். சிரிச்சாங்க. எங்க அம்மாவும் கூட வர்றாங்கன்னாங்க."

"யாரு?"

"அவங்க அம்மா. உங்க மாமியார்தானே? சரி, அடுப்புல பால் வச்சிருக்கேன்." இணைப்பு துண்டிக்கப்பட்டது.

வேகமாகத் திரும்பி நடந்தேன். சூளையில் பல் இருக்கிறது.

சரி என்பதாக இருந்தால் போனிலேயே சொல்லியிருக்கலாம். வேண்டாம் என்பதைத்தான் மரியாதைக்கு நேரில் போய்ச் சொல்வார்கள். ஆனால் சாவி வாங்கவும் நேரில்தான் போக வேண்டும். எப்படிப் பார்த்தாலும் பொருந்தியது. அத்தைக்குத் தெரிந்திருக்கும். இந்த ஏழு மாதத்தில், அன்று மாலை தாமும் வருவதாக இருந்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பல் நன்றாக வந்திருந்தது. நிறமும் பொருந்தியது. முதலாளி பாராட்டினார். நன்றி என்றேன்.

வேலை முடிந்து நடைமேடைக்குப் போகிற வழியில் வீட்டுக்குப் போன் செய்தேன். பின்னால் தொலைக்காட்சியின் இரைச்சல். அதற்கு மேலே கடுகு ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அன்னிக்கு சாயங்காலம் நீங்களும் அந்த வீட்டுக்குப் போறதா இருந்ததா?"

பாட்டு மட்டும் கேட்டது.

"யார் சொன்னாங்க?"

"ஓனரம்மா."

"போன்ல வேணாம் மாப்பிள்ளை. நேர்ல வாங்க, சொல்றேன்."

"அவ சரின்னு சொல்ல இருந்தாளா, வேணாம்னு சொல்ல இருந்தாளா? அதை மட்டும் சொல்லுங்க."

"நேர்ல வாங்க" என்றார் மறுபடி. வைத்துவிட்டார். காலையில் என்னை மடக்கி மடக்கிக் கேட்டவர் குரல் மாதிரி இல்லை.

ரயில் ஏற்கெனவே நின்றிருந்தது. பெட்டியில் நீலம், வெள்ளை, மஞ்சள். நீலத்தை எடுத்துக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். சட்டைப்பையில் சாவி குத்தியது.

"என்னப்பா ஆச்சு?" என்றார்.

"இன்னும் சொல்லலை சார்."

கூட்டம் ஏறியது. காலையில் பார்த்த செக்யூரிட்டிப் பெண்ணும் ஏறினாள். தள்ளுமுள்ளில் அவளை என் முழங்காலுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டிருந்தாள். நெற்றியில் அதன் தடம் சிவப்பாக இருந்தது. மஞ்சளைப் பார்த்தாள். காலையில் பட்டது நினைவிருக்கும், கேட்கவில்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

வேறொருவர் கேட்டார். பெரிய பையோடு, மீசை வைத்தவர்.

"இங்க யாராச்சும் இருக்காங்களா?"

"ஆள் வருது" என்றார் நர்ஸக்கா.

மஞ்சள் கைக்குட்டை துவைத்து மடிப்புக் கலையாமல் இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் கண்டக்டரின் மனைவி எல்லாவற்றையும் துவைத்துத் தருகிறார். ஏழு மாதமாக யாருமே உட்காராத கைக்குட்டையையும் சேர்த்து.

கடுகு வரைந்த ரயில் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். ஜன்னலில் இரண்டு தலை. என்னுடையதும் ஒன்று.

முடிவெடுத்தேன் என்று சொல்ல முடியாது. கை போனது. கைக்குட்டையை எடுத்தேன்.

"ஆள் வரலைக்கா" என்றேன். பிறகு அந்தப் பெண்ணிடம், "நீங்க உட்காருங்க."

மீசைக்காரர் என்னை முறைத்தார். அந்தப் பெண் நர்ஸக்காவைப் பார்த்தாள். நர்ஸக்கா கண்டக்டரைப் பார்த்தார். அவள் ஓரமாக, இருக்கையின் நுனியில், யாரோ எழுப்பிவிடப் போகிறார்கள் என்பதுபோல உட்கார்ந்தாள். அடுத்த நிலையம் வருவதற்குள் தலை ஜன்னலில் சாய்ந்துவிட்டது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

ஓனரம்மாவுக்குப் போன் செய்தேன்.

"நாங்க வர்றோம்."

"எத்தனை பேரு?"

"நானும் பொண்ணும். அத்தை வருவாங்களான்னு கேக்கணும்."

"சரி." வைத்துவிட்டார்.

மஞ்சள் கைக்குட்டையை நீட்டினேன். கண்டக்டர் தலையை ஆட்டினார். "என் பையில வேணாம். நீயே வச்சுக்க." சாவியின் மேல் அதை மடித்து வைத்துக்கொண்டேன். சாவி குத்துவது நின்றது.

கொஞ்ச நேரம் அவர் பத்திரிகை பார்த்தார். பிறகு அதை மடித்தார்.

"கேக்கக் கூடாதுன்னுதான் இத்தனை நாள் இருந்தேன். அன்னிக்குக் காலையில அவ ஸ்டேஷன்ல இறங்கினப்புறம், சுத்திக்கிட்டு இந்த ஜன்னல்கிட்ட வந்தா. உன்கிட்ட ஏதோ சொன்னா. வண்டி கிளம்பின சத்தத்துல எனக்குக் கேக்கலை. என்னப்பா சொன்னா?"

நர்ஸக்காவும் திரும்பினார்.

எனக்குக் கேட்டிருந்தது. தெளிவாகவே கேட்டிருந்தது. அவள் இறங்கியதும் நான் ஜன்னலோரம் நகர்ந்திருந்தேன். அவள் கம்பியைப் பிடித்தபடி வண்டியோடு இரண்டு அடி நடந்தாள். ஏதோ மறந்துபோனது ஞாபகம் வந்த முகம். பெரிய விஷயம் எதுவும் அந்த முகத்தில் இல்லை.

ஏன் அப்படிச் சொன்னாள் என்பது இன்று ஓனரம்மா பேசிய பிறகுதான் புரிந்தது. அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"சாயங்காலம் எனக்கு இடம் போட்டு வைக்காதே. நீ பாட்டுக்கு ஏறிப் போ."